பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு பார்லியைக் கொட்டலாமா?

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. எட்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். கிளிமெபிரைடு 1 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500 மி.கி.யும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்கிறார். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.8, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 148. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். வாங்கி வைத்த மாத்திரை இன்னும் அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. "பார்லி குடித்தாலே கொழுப்பு கரையும் என்கிறார்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடலாமா?" என்பது அவரது முதல் கேள்வி.

அவர் பார்லி குடிக்கும் விதத்தையும் விவரமாக எழுதியிருக்கிறார். இரண்டு மேசைக்கரண்டி பார்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து வீட்டில் எல்லோரும் நாள் முழுவதும் குடிக்கிறார்கள். வடிகட்டிய பார்லி முருங்கை மரத்தடிக்குப் போகிறது. இரவில் அவர் சோற்றை விட்டுவிட்டு இரண்டு டம்ளர் பார்லித் தண்ணீரோடு படுத்துவிடுகிறார். "விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பு வருகிறது, கை நடுங்குகிறது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துகொண்டேன், பார்லி வேலை செய்கிறது" என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

கணவருக்கு இடது சிறுநீரகத்தில் 5 மி.மீ. கல். மகள் முப்பதாவது வாரக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கிறார், கால் வீக்கம் இருக்கிறது. அவருக்கும் மூன்று வேளை பார்லித் தண்ணீர்தான், உப்பையும் நிறுத்தியாயிற்று. கோதுமை சேராது என்று டாக்டர் சொன்ன தங்கைக்கும் பார்லியைச் சிபாரிசு செய்திருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் பார்லி சரிதானா, எவ்வளவு, எப்படி என்று கேட்கிறார்.

முதலில் அந்த வியர்வை

அம்மா, நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதிய அந்த வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். விடியற்காலை வியர்வையும் கை நடுக்கமும் பார்லியின் வெற்றி அல்ல. லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுமீறி இறங்குவது என்கிறோமே, அதன் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் போடும் மாத்திரையில் உள்ள கிளிமெபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு, கலந்த சர்க்கரையைத் தவிர மாவுச்சத்து அநேகமாக இல்லாத தண்ணீரைக் குடித்துப் படுத்தால், சுரந்த இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத்தான் இறக்கும். தூக்கத்தில் அது 70-க்குக் கீழே போனால் மயக்கம், வலிப்பு வரை போகலாம்.

இன்றிரவு முதல், மாத்திரை போட்டால் சாப்பாடு கட்டாயம். சாப்பாடு இல்லாத இரவுகளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மறுபடி வியர்த்து விழித்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வசதி இல்லையென்றால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சரியானதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

எச்பிஏ1சி 7.8-ல் நிற்கும் ஒருவருக்கு லோ சுகர் வருமா என்று தோன்றலாம். வரும். அந்த எண் மூன்று மாதச் சராசரி. பகலில் ஏறுவதும் இரவில் விழுவதும் அதற்குள் மறைந்துகொள்ளும். பகலில் ஏறுவதற்கு உங்கள் பார்லித் தண்ணீரே ஒரு காரணம். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுமார் 10 கிராம். நாளில் எத்தனை டம்ளரோ அத்தனை பத்து கிராம். நாட்டுச் சர்க்கரையோ, வெல்லமோ, கருப்பட்டியோ, ரத்தத்தில் ஏறும் விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சளைத்தவை இல்லை. இதை நிறுத்துவதால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை, பார்லியால் கிடைக்கும் நன்மையைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சத்து எங்கே இருக்கிறது?

பார்லிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. சிறுகுடலில் இது தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டியான கஞ்சிப் பசை போலாகிறது. அதனால் வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது, மாவுச்சத்து மெதுவாகச் சர்க்கரையாகிறது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் அனுப்பும் பித்த அமிலங்களும் அந்தப் பசையில் சிக்கி மலத்தோடு வெளியேறுகின்றன. இழந்த பித்தத்தை மறுபடி தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. எல்டிஎல் குறைவது இந்த வழியாகத்தான். "கொழுப்பைக் கரைக்கிறது" என்று சொல்வது தவறு. வெளியே தள்ள உதவுகிறது என்பதே சரி.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-லும் இந்தப் பலனை ஏற்றுக்கொண்டன. ஆனால் இரண்டும் ஓர் அளவைச் சொல்லின: ஒரு நாளைக்குக் குறைந்தது 3 கிராம் பீட்டா குளுக்கன். கடையில் நாம் வாங்கும் பார்லியில் 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த 3 கிராமுக்குச் சுமார் 60 முதல் 75 கிராம் பார்லி வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மேசைக்கரண்டி என்பது 25 கிராம். அதில் மொத்தமே ஒரு கிராம் அளவுக்குத்தான் பீட்டா குளுக்கன் இருக்கும். பத்து நிமிடக் கொதியில் அதிலும் கொஞ்சம்தான் தண்ணீரில் இறங்கும், பெரும்பங்கு தானியத்துக்குள்ளேயே நிற்கும். இறங்கிய அந்தக் கொஞ்சத்தையும் வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக் குடிக்கிறீர்கள். முருங்கை மரத்துக்குத்தான் நல்ல யோகம்.

"பாலிஷ் போட்ட பார்லியில் சத்தே இல்லை, உமி நீக்காததுதான் வேண்டும்" என்றும் உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரிசிக்கும் ஓட்ஸுக்கும் பொருந்தும் பேச்சு இது. பார்லிக்கு முழுதாகப் பொருந்தாது. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் தவிட்டுப் பகுதியில் அதிகம் குவிந்திருக்கும். பார்லியில் அது மணியின் உள்ளே வரை பரவியிருக்கிறது. அதனால் பட்டை தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். பட்டை தீட்டிய பார்லியில் 100 கிராமுக்கு 15 கிராமுக்கு மேல் மொத்த நார்ச்சத்து இருக்கிறது. பார்லியின் உமி மணியோடு ஒட்டிக்கொண்டே வளர்வதால், உரசி எடுத்தால்தான் போகும். அந்த உரசலில் மேல்தவிடும், அதிலுள்ள வைட்டமின்களில் ஒரு பங்கும் போவது உண்மை. தவிடு உள்ள பார்லி கிடைத்தால் வாங்குங்கள். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் பக்கம் விளைந்து நம் ஊர் மளிகைக் கடைக்கு வருவது பெரும்பாலும் தீட்டியதுதான், அதுவே போதும்.

சேர்ப்பதா, மாற்றுவதா?

70 கிராம் பார்லியில் சுமார் 54 கிராம் மாவுச்சத்தும் 245 கலோரியும் உண்டு. அதே எடை அரிசியிலும் ஏறக்குறைய இவ்வளவுதான். பார்லி கலோரி குறைந்த தானியம் என்பது தவறான எண்ணம். வித்தியாசம் நார்ச்சத்தில்: பார்லியில் 11 கிராம், வெள்ளை அரிசியில் 2 கிராம்கூட இராது. ஆகவே வழக்கமான சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "உடம்புக்கு நல்லது" என்று ஒரு கிண்ணம் பார்லிக் கஞ்சியும் குடித்தால் சர்க்கரையும் ஏறும், எடையும் ஏறும். தட்டில் எவ்வளவு பார்லி வருகிறதோ அவ்வளவு சோறு குறைய வேண்டும்.

200 மி.லி. டம்ளரில் அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் 70 கிராம் வரும். வெந்தபின் அது ஒன்றரை டம்ளர் ஆகும். ஒரே வேளையில் அவ்வளவும் வேண்டாம். பாதியைக் காலையிலும் பாதியை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். இரவு பார்லி சாப்பிட்டவர்களுக்கு மறுநாள் காலை உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையும் சற்றுத் தணிவதை ஸ்வீடனில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடலின் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் அந்த நாரைப் புளிக்கவைப்பது இதற்குக் காரணம் என்கிறார்கள்.

முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டிதான். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் 70 கிராம் சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொண்டு, காற்றுப் பிரிந்து, "பார்லி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவீர்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது. மெதுவாகக் கூட்டியும் வயிற்றுவலியும் பேதியும் நீடித்தால் பார்லி உங்களுக்கான தானியம் அல்ல என்று விட்டுவிடலாம், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் யாரேனும் வீட்டில் இருந்தால், அதை வெறும் வயிற்றில் போட்டு ஒரு மணி நேரம் விட்டுத்தான் பார்லி சாப்பிட வேண்டும். நார்ச்சத்து அந்த மருந்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும்.

அலமாரியில் உள்ள மாத்திரை

நாள்தோறும் 3 கிராம் பீட்டா குளுக்கன் தவறாமல் சாப்பிட்டால் எல்டிஎல் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையலாம். உங்கள் 148-ல் அது 7 முதல் 10 புள்ளி. அதாவது 140 பக்கம் வந்து நிற்பீர்கள். சர்க்கரை உள்ள, 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு 100-க்குக் கீழே, சிலருக்கு 70-க்குக் கீழே கொண்டுவரத்தான் டாக்டர்கள் முயல்வார்கள். அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. தனியாகவே 35 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடியது. இரண்டையும் போட்டிக்கு விடாதீர்கள். மாத்திரையைத் தொடங்குங்கள், பார்லியும் சாப்பிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துக் கொழுப்புப் பரிசோதனை எடுத்து, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மாத்திரை தொடங்கியபின் காரணமில்லாத கடுமையான தசைவலி வந்தால் சொல்லுங்கள். அந்தப் பயத்தாலேயே தொடங்காமல் இருக்காதீர்கள்.

கணவரின் கல்

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அவற்றைக் கரைக்கும் பானம் எதுவும் கிடையாது, பார்லித் தண்ணீரும் சேர்த்துத்தான். யூரிக் அமிலக் கல்லை மட்டும் சிறுநீரின் அமிலத் தன்மையை மாற்றும் மருந்துகளால் கரைக்க முடியும், அது டாக்டர் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. பார்லித் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நன்றாகப் போவது உண்மைதான். இரண்டு லிட்டர் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அப்படித்தான் போகும். கல் புதிதாக உருவாகாமலிருக்க, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் குடிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நம் ஊர் வெயிலில் வியர்வையில் போவதையும் சேர்த்தால் மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டிவரும். பார்லி வாசத்தால் அவர் கூடுதலாக நான்கு டம்ளர் குடிக்கிறார் என்றால் அதற்காகவே தொடரலாம்.

எலுமிச்சை பிழிவது நல்லது; அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்க உதவும். உப்பு போடுவதுதான் கெடுதல். உடம்பில் சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், கல்லுக்கு அதுவே தீனி. கூடவே ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றையும் குறையுங்கள். கல்லுக்குப் பயந்து பால், தயிரை நிறுத்தியிருந்தால் மறுபடி கொடுங்கள்; உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் அவருக்கு எவ்வளவு? சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ, மூன்று லிட்டர் தண்ணீர் ஆபத்தாகிவிடும். பார்லியில் உள்ள பொட்டாசியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டிவரும். பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு நீரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால், சிறுநீர் நின்றுபோனால், வாந்தி நிற்காவிட்டால் எந்தக் கஷாயத்துக்கும் நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மகளின் கால் வீக்கம்

ஏழு மாதத்துக்குப் பிறகு மாலையில் கணுக்கால் வீங்குவதும், இரவு படுத்து எழுந்தால் வடிவதும் சாதாரணமாக நடப்பதுதான். இடது பக்கமாகப் படுப்பது, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, நெடுநேரம் தொங்கவிடாமல் இருப்பது ஆகியவை உதவும். பார்லித் தண்ணீர் அந்த வீக்கத்தை "இழுத்து வெளியேற்றும்" என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிப்பதில் தவறில்லை, நம்பி உட்கார்ந்திருப்பதுதான் தவறு.

ஏனென்றால், காலையிலும் வடியாத வீக்கம், முகமும் விரல்களும் வீங்கி மோதிரம் இறுகுவது, ஒரே வாரத்தில் எடை கிடுகிடுவென ஏறுவது, தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி ஆகியவை கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போகிறதா, சிறுநீரில் புரதம் தெரிகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டையும் பார்ப்பார்கள். தாய்வீடு வந்தபின் ஒரு முறையும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே அழைத்துப் போங்கள். மேலே சொன்ன தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் நாளை வரை காத்திருக்கவும் வேண்டாம்.

உப்பை அறவே நிறுத்தியதை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிக்கு வீக்கம் என்றதும் உப்பில்லாப் பத்தியம் போடுவது பழைய வழக்கம், அதனால் பயன் இல்லை. அளவான உப்போடு வீட்டுச் சாப்பாடு போதும். மூன்று வேளை பார்லித் தண்ணீரால் வயிறு நிரம்பி, முட்டையும் பருப்பும் கீரையும் குறைந்துவிடாமல் பாருங்கள். இன்னொன்று, இரும்புச்சத்து மாத்திரையைப் பார்லிக் கஞ்சியோடும் பாலோடும் தேநீரோடும் போடக் கூடாது. தானியத்தில் உள்ள பைட்டேட் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, எலுமிச்சை ஜூஸ் அல்லது நெல்லிக்காயோடு போடச் சொல்லுங்கள்.

தங்கை விஷயத்தில் தாமதிக்க வேண்டாம், இன்றே போனில் சொல்லிவிடுங்கள்: சீலியாக் நோய் (கோதுமைப் புரதமான குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) என்பதால் கோதுமையை டாக்டர் தடுத்திருந்தால் பார்லியும் கூடாது. கோதுமையில் உள்ள குளூட்டனின் உறவுக்காரப் புரதம் பார்லியிலும் இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரும் வேண்டாம், பார்லி மால்ட் கலந்த சத்துமாவுப் பானமும் வேண்டாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு, பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், சிறுதானியங்கள் கலப்படமில்லாமல் இருந்தால் அவருக்குப் பொருந்தும்.

சமையலறையில்

கடையில் பார்லி என்று கேட்டு ஜவ்வரிசியோடு திரும்புகிறவர்கள் உண்டு. பார்லி மணியின் நடுவில் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கோடு பள்ளமாக ஓடும், ஜவ்வரிசியில் அது இராது. மணி வெளிர் மஞ்சள் சாயலோடு, மாவு உதிராமல், புழுங்கல் நெடி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள், வண்டு சீக்கிரம் வைக்கும்.

வேகவைப்பதில்தான் பலரும் சலித்துக்கொள்கிறார்கள். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, ஆறு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு டம்ளர் பார்லிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பார்லி வேகும்போது நுரைத்துப் பொங்கும். அந்தப் பசை ஆவித் துவாரத்தை அடைத்துக்கொண்டால் விசில் வராமல் பக்கவாட்டில் பீச்சும். எண்ணெய் விடுவது அந்த நுரையை அடக்கத்தான். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துப் பதினைந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கியபின் திறவுங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால் இருபத்தைந்து முப்பது நிமிடம் ஆகும், தண்ணீரும் அரை டம்ளர் கூடுதலாக வேண்டும். மணி மூன்று மடங்கு பெருத்து, அந்தக் கோடு விரிந்து, கடித்தால் மெல்லிய இழுவையோடு இருந்தால் பதம் சரி. தொட்டதும் குழைந்தால் வெந்தது அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மணி மணியாக மென்று சாப்பிடும் பதமே நல்லது. மாவாகத் திரித்துக் கூழாகக் காய்ச்சினால் செரிமானம் வேகமாகி, சர்க்கரையும் வேகமாக ஏறும்.

மிஞ்சிய வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ரசத்திலோ மோரிலோ சேருங்கள். வெந்த பார்லி குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். இறுகிப்போகும், வெந்நீர் தெளித்துச் சூடு செய்தால் பிரிந்துவிடும்.

இரவுக்கு எளியது தயிர் பார்லி. முக்கால் டம்ளர் வெந்த பார்லியைக் கரண்டியால் பாதி மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு டம்ளர் தயிர் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் தயிர் திரிந்துவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவிய கேரட்டும் வெள்ளரியும் கலக்கலாம். பார்லி தயிரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் சாப்பிடுவதாக இருந்தால் பிசையும்போதே மோர் பதத்துக்குத் தளர விட வேண்டும். உங்கள் மாத்திரையோடு பொருந்துகிற இரவு உணவு இதுதான். அதோடு ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல்.

வெண்பொங்கல் என்றால், பருப்பும் பார்லியும் ஒன்றாக வேகாது என்பதை நினைவில் வையுங்கள். ஊறிய பார்லி அரை டம்ளரை இரண்டு டம்ளர் தண்ணீரில் தணிந்த தீயில் பத்து நிமிடம் குக்கரில் வேகவைத்துவிட்டு, வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளரும் இன்னொரு டம்ளர் தண்ணீரும் சேர்த்து மறுபடி மூன்று விசில் விடுங்கள். மிளகு, சீரகம், இஞ்சி, இரண்டு தேக்கரண்டி நெய் போதும். அரிசிப் பொங்கலைப் போல வழுவழுப்பாக வராது. மென்று சாப்பிடும் பொங்கலாகத்தான் வரும். இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

இட்லி மாவில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இட்லி அரிசி இரண்டு டம்ளர், பார்லி ஒரு டம்ளர், உளுந்து முக்கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. பார்லியைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் குறைத்து, ரவைப் பதத்தில் அரைக்க வேண்டும். நைசாக அரைத்தால் இட்லி தட்டில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். முதல் தடவை தோசையாக வார்த்துப் பார்ப்பது நல்லது, ஓரம் நன்றாக மொறுமொறுவென்று வரும். சப்பாத்திக்கு இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு பார்லி மாவு. பார்லி மாவில் இழுவை குறைவு, அதனால் ஓரம் வெடிக்கும். வெந்நீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்து, சற்றுக் கனமாகத் தேயுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: இட்லியிலும் சப்பாத்தியிலும் பார்லி குறைவு, மாவாகவும் போகிறது. 3 கிராம் கணக்குக்கு இவை போதாது, ஒரு மாற்றத்துக்காகச் சாப்பிடலாம்.

வெயில் காலத்தில் பார்லித் தண்ணீரை விட மனமில்லை என்றால் செய்முறையை மட்டும் மாற்றுங்கள். வெந்த பார்லி அரை டம்ளர், மோர் ஒன்றரை டம்ளர், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, துளி உப்பு. மிக்சியில் இரண்டே சுற்று விட்டு, வடிகட்டாமல் குடியுங்கள். இதுவும் உணவுதான் என்பதால் அந்த வேளைத் தட்டில் சோறு குறைய வேண்டும்.

இனி, பார்லி உங்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை வாட்ஸ்அப்பில் தேட வேண்டாம், உங்கள் குளுக்கோமீட்டரே சொல்லும். ஒரு நாள் காலை வழக்கமான அரிசிப் பொங்கலுக்கு முன்பும், முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பாருங்கள். இன்னொரு நாள் அதே கிண்ணத்து அளவு பார்லிப் பொங்கலோடு அதே நேரங்களில் பாருங்கள். சட்னியும் சாம்பாரும் இரண்டு நாளும் ஒன்றாக இருக்கட்டும், இரண்டு நாளும் நடைப்பயிற்சி உணவுக்கு முன்பா பின்பா என்பதும் மாறக் கூடாது. நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, இரவில் வியர்த்து விழித்த தேதிகளையும் பக்கத்தில் குறித்து, டாக்டரிடம் எடுத்துப் போங்கள். உங்கள் இரவு மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் தீர்மானிக்க அந்தத் தாள் வேண்டியிருக்கும்.